சாயப்பானையின் அடிவண்டல் வரை: நூலும் வண்ணமும் பழகத் தொடங்குபவர்களுக்கு

"நூல், நெசவு, சாயம், ஓவியம் என்று இறங்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் எதையோ வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒரு ராட்டை, ஒரு மேசைத்தறி, நாற்பது நிறம் அடுக்கிய வண்ணப்பெட்டி. குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் முதல் தறி மூன்று வருடம் அலமாரிக்கு மேலேதான் இருந்தது. அதில் நெய்த துணியைவிடப் படிந்த தூசிதான் அதிகம்.

அதனால் இங்கே வாங்க வேண்டியவற்றின் பட்டியல் கிடையாது. நூறு கிராம் நூல், ஒரு பானை, ஒரு நோட்டு. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வேரிலிருந்து சாயம் எடுக்கப் போகிறோம். அதில் நூலை நனைப்போம். நூல் குடித்தது போக மீதி இருக்கும் சாயநீரைக் கீழே ஊற்றாமல் ஓவிய வண்ணமாக மாற்றுவோம். கடைசியில் உங்கள் கையில் மூன்று சாயலில் நூல், சின்னதாக ஒரு நெய்த துண்டு, அதே சிவப்பில் ஒரு மூடி நிறைய நீர்வண்ணம் இருக்கும். ஒரு மாதம் ஆகும். அதில் பெரும்பகுதி ஊறவும் காயவும் காத்திருப்பதுதான்.

பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பது

முதல் நூலைக் கடையில் வாங்காதீர்கள். வீட்டில் யாரும் போடாத வெளிர் நிற ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம் இருக்கும். வெள்ளை, பால் நிறம், சாம்பல் எல்லாம் நல்லது. முதல் முயற்சிக்குக் கம்பளிதான் வசதி. பருத்தியைவிடச் சுலபமாகச் சாயம் பிடிக்கும்.

அது உண்மையிலேயே கம்பளிதானா என்று முதலில் பாருங்கள். உட்புறத் தையலிலிருந்து விரல் நீள நூல் ஒன்றை வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு உலோகத் தட்டின் மேல் கொளுத்துங்கள். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். தீயிலிருந்து எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி மளமளவென்று எரிந்து மெல்லிய சாம்பலாகும். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணி போல் நின்றால் அது பாலியெஸ்டரோ அக்ரிலிக்கோதான். வேர்ச்சாயம் அதில் ஏறாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள். கலப்பு நூலாக இருந்தால் நாற்றமும் அடிக்கும், மணியும் திரளும். அதையும் விட்டுவிடலாம்.

அடுத்து பக்கத் தையலைப் பாருங்கள். இதைப் பலரும் பார்ப்பதில்லை. ஸ்வெட்டரின் துண்டுகள் தனித்தனியாகப் பின்னப்பட்டு ஓரங்கள் சங்கிலித் தையலால் இணைக்கப்பட்டிருந்தால் நூல் ஒரே இழையாக வரும். பெரிய துணியாகப் பின்னி, கத்தரியால் வெட்டி, ஓரத்தை ஓவர்லாக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் தனித் துண்டாகத்தான் கையில் வரும். அப்படிப்பட்டதைப் பிரித்து ஒரு மாலை முழுக்கத் துண்டு நூலாகக் குவித்தேன். தலையணைக்குள் திணிக்கத்தான் உதவியது.

நல்லதாக அமைந்தால் தையலை அறுத்து, பின்னி முடித்த முனையிலிருந்து உருவுங்கள். உருவ உருவ ஒரு நாற்காலியின் முதுகில் சுற்றிக்கொண்டே போகலாம். நூறு கிராம் சேர்ந்ததும் அந்தச் சிட்டத்தை நான்கு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் இறங்காது, வெள்ளைத் திட்டு விழும். கட்டாமலே விட்டால் பானையில் அது காக்காய்க்கூடு ஆகிவிடும். பிரித்த நூல் சுருள் சுருளாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம், நனைந்ததும் நிமிர்ந்துவிடும்.

நூற்கப் பிடிக்கும் என்றால் தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிரை, பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதமே நூற்பு, சாயம், நெசவு மூன்றையும் சேர்த்துப் பழகினால் எங்கே தவறு நடந்தது என்றே தெரியாமல் போகும்.

பானையும் தராசும்

சாயத்துக்கு எடுத்த பானை, கரண்டி, வடிகட்டி எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. நான்கைந்து லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பானை போதும். இரும்பு, அலுமினியம், செம்புப் பாத்திரங்கள் வேண்டாம். அந்த உலோகங்கள் கரைந்து நிறத்தை மாற்றிவிடும். இரும்பின் சுவடு பட்டாலே போதும், சிவப்பு மங்கிப் பழுப்பாகும்.

ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் தராசு தேவை. சாயக் கணக்கு முழுக்க உலர்ந்த நூலின் எடையை வைத்துத்தான் ஓடுகிறது. "படிகாரம் 15 சதவீதம்" என்றால் நூறு கிராம் நூலுக்குப் பதினைந்து கிராம். தண்ணீரின் அளவு இந்தக் கணக்கில் வராது. நூல் நெருக்கடியில்லாமல் மிதக்கிற அளவு இருந்தால் சரி. நூலை நனைப்பதற்கு முன் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். நனைத்த பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

அழுக்கெடுப்பு

எல்லோரும் தாண்டிக் குதிக்க நினைக்கும் கட்டம் இது. திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்த நூலைக் காட்டி என்ன தப்பு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நூலைக் கழுவினீர்களா என்பதுதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் நூலிலும் எண்ணெய், மெழுகு, ஆலையில் தடவியவை எல்லாம் இருக்கும்.

கம்பளிக்கு: மூன்று நான்கு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் மென்மையான திரவ சோப்பு ஒரு டீஸ்பூன் கலந்து, நூலை அமுக்கி மூழ்கவிடுங்கள். மெதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, முக்கால் மணி நேரம் அப்படியே வைத்து, பானையிலேயே ஆறவிடுங்கள். கிளறாதீர்கள், பிசையாதீர்கள், சூடான நூலைக் குளிர்ந்த நீரில் போடாதீர்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நூல் சுருங்கி அட்டை போல் ஆகிவிடும். திரும்பப் பிரிக்க முடியாது.

பருத்திக்கு இந்த நளினமெல்லாம் தேவையில்லை. நூறு கிராமுக்கு ஐந்து கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். "வெள்ளை நூலிலிருந்தா இது வருகிறது?" என்று முதல் முறை எல்லோரும் வாய் பிளப்பார்கள். நிறம் அதிகமாக இறங்கினால் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை கொதிக்கவையுங்கள்.

படிகாரம்

சாயம் நூலில் தங்குவதற்கு நடுவில் ஒரு பிடிமானம் வேண்டும். உலோக உப்பு ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் சாய மூலக்கூறையும் பிடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு நிறமூன்றி என்று பெயர். நமக்குப் படிகாரம்.

இங்கே ஒரு பிடிவாதமான நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். நிற்காது. நான் முதன்முதலில் ஒரு கழுத்துத்துணியைப் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்து, உப்பு, வினிகர் எல்லாம் போட்டு, ரோஜா நிறத்தில் எடுத்து ஒரு தோழிக்குக் கொடுத்தேன். இரண்டு முறை துவைத்ததும் அழுக்கு வெள்ளையாகிவிட்டது. பாவம், அவர் சொல்லவே இல்லை. அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். பீட்ரூட், சிவப்பு முட்டைக்கோஸ், பெர்ரிப் பழங்கள் எல்லாம் பார்க்கத்தான் பகட்டு. மஞ்சள் கிழங்கு நூலில் நன்றாகவே ஏறும், வெயிலில் ஓடிவிடும்.

கம்பளிக்கு நூலின் எடையில் 15 சதவீதம் படிகாரம். சுடுநீரில் கரைத்துப் பானையில் சேர்த்து, முன்பே நனைத்து வைத்த நூலை இறக்குங்கள். உலர்ந்த நூலை நேராகப் போட்டால் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் குடிக்கும். ஒரு மணி நேரத்தில் மெதுவாக 85 டிகிரி வரை கொண்டுபோய், இன்னொரு மணி நேரம் வைத்து, இரவு முழுக்க ஆறவிடுங்கள்.

பருத்தி என்பது செல்லுலோஸ், தாவர நார். படிகாரத்தை அது தானாகப் பற்றிக்கொள்ளாது. அதனால் முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும். நூலின் எடையில் 15 முதல் 20 சதவீதம் கடுக்காய்ப்பொடியை வெந்நீரில் கரைத்து, நூலை ஓர் இரவு ஊறவைத்து, லேசாக அலசிவிட்டு, அப்புறம் படிகாரத்துக்கு எடுங்கள். பருத்திக்கான படிகாரக் கரைசலில் 2 சதவீதம் சலவை சோடாவும் சேர்ப்பது வழக்கம். சேர்க்கும்போது பொங்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

பழைய கையேடுகளில் குரோமியம், ஈய வெள்ளீய உப்புகளெல்லாம் எழுதியிருக்கும். தொடாதீர்கள். பொட்டாசியம் டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இலையிலும் வேரிலும் எடுத்த சாயம் என்பதற்காக எல்லாம் பாதுகாப்பானது ஆகிவிடாது. படிகாரமும், மிகக் குறைந்த அளவில் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போதும், வாழ்நாள் முழுக்கச் சாயம் போடலாம்.

வேர்ச் சிவப்பு

முதல் சாயத்துக்கு நான் மஞ்சிட்டி என்ற கொடியின் வேரைச் சொல்வேன். நிறம் நிற்கும், தப்பு செய்தாலும் ஏதோ ஒரு நல்ல சாயல் கிடைக்கும், மீதியிலிருந்து நல்ல ஓவிய வண்ணமும் வரும். மஞ்சிட்டிக் குடும்ப வேர்களின் சிவப்பு மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் கிடைத்த பருத்தித் துணுக்கிலேயே அந்தச் சிவப்பு இருந்தது. ஐரோப்பாவில் இதே குடும்பத்து இன்னொரு செடியை வயல் வயலாகப் பயிரிட்டார்கள். 1868-ல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதன் முக்கியச் சாயப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே அந்த வயல்கள் காலி.

நூறு கிராம் நூலுக்கு நூறு கிராம் வேர்ப்பொடி. அதைத் துணியில் தளர்வாக முடிந்து, பானை நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் படிகாரம் ஏறிய நூலை அலசி உள்ளே இறக்கி, மெல்லிய தீயில் வையுங்கள். வெப்பமானி கட்டாயம் வேண்டும். 60, 65 டிகிரியிலேயே நிறுத்துங்கள். கொதிக்கவிட்டால் வேரிலிருக்கும் பழுப்பெல்லாம் இறங்கி, சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். நடுவில் நாலைந்து தடவை மூடியைத் திறந்து பார்ப்பீர்கள், அது தெரிந்ததுதான்.

உங்கள் ஊர்த் தண்ணீர் கடினநீர் என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அது அதிர்ஷ்டம். சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு நன்றாக எழும். மழைநீரிலோ வடித்த நீரிலோ போட்டால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஒரு சிட்டிகை சாக்பொடி அதைச் சரிசெய்யும்.

காலையில் நூலை எடுத்துப் பிழியாமல் தொங்கவிடுங்கள். நன்றாகக் காய்ந்து ஓரிரு நாள் கழித்து அலசுவது நல்லது. ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் வெளுப்பாகத் தெரியும்.

நூறு கிராமையும் ஒரே தடவையில் போட்டுவிடாமல், மூன்று சின்னச் சிட்டங்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக இறக்குங்கள். முதலாவது அடர்சிவப்பு. இரண்டாவது செம்பவளம். மூன்றாவது பீச் பழத் தோலின் நிறம். பானை ஒன்றுதான், அதனால் மூன்றும் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பத்து முகச்சாயலோடு இருக்கும். கடையில் மூன்று சிவப்பு நூல் வாங்கினால் இந்த இணக்கம் கிடைப்பது கஷ்டம். ஒன்று மட்டும் கவனம்: இரண்டாவது சிட்டத்தை இறக்குவதற்கு முன்னால் ஒரு லிட்டர் சாயநீரை வடித்துத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்றாவதும் முடிந்த பிறகு எஞ்சும் நீரில் ஓவிய வண்ணம் எடுத்தால் வெளிறிப்போன ரோஜாதான் வரும்.

வெயில் சோதனை

யாருக்கும் எதையும் பரிசளிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு அட்டைத்துண்டில் நூலைச் சுற்றி, பாதியைக் கெட்டியான காகிதத்தால் மறைத்து, வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். மூன்று வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். மறைத்த பக்கத்துக்கும் வெயில் பட்ட பக்கத்துக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்தச் சாயம் எவ்வளவு ஓடுகிறது என்று புரிந்துவிடும். பக்கத்திலேயே மஞ்சள் கிழங்கில் நனைத்த நூல் ஒன்றையும் சுற்றி வைத்தால் நான் சொன்னது விளங்கும்.

ஓவியர்களுக்கும் இதே தலைவலிதான். வான்கோ 1888-ல் தன் படுக்கையறையை வரைந்தபோது சுவர்கள் வெளிர் ஊதா என்று கடிதத்திலேயே எழுதினார். இன்று அந்தப் படத்தில் சுவர் நீலமாக இருக்கிறது. அவர் கலந்த சிவப்பு மங்கிப்போய் நீலம் மட்டும் நின்றுவிட்டது. ஓவிய வண்ணம் எத்தனை காலம் ஒளிக்குத் தாங்கும் என்று அளக்க இன்றைக்கும் பயன்படுவது கம்பளித் துணிதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. வெவ்வேறு நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளிப் பட்டைகளை வண்ணத்தோடு சேர்த்து வெயிலில் வைத்து, எந்தப் பட்டையோடு சேர்ந்து அது மங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஒன்றாம் எண் சீக்கிரம் மங்கும், எட்டாம் எண் கடைசிவரை தாங்கும்.

சாயநீரிலிருந்து வண்ணப்பொடி

இனிதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நீரில் கரைந்திருக்கும் சாயத்தை அலுமினிய உப்போடு சேர்த்துக் கரையாத பொடியாக வீழ்த்தினால் அதற்கு லேக் நிறமி என்று பெயர். ஏரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்ற சொல்தான் ஐரோப்பா போய் அப்படித் திரிந்தது. அரக்குச் சிவப்பில் செய்த வண்ணத்தின் பெயர் பிறகு எல்லாச் சாய வண்ணத்துக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

எடுத்து வைத்த ஒரு லிட்டர் சாயநீரை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். வேர்த்தூள் ஒரு துளி இருந்தாலும் வண்ணத்தில் நறநறக்கும். சாயநீரைச் சூடாக்கி, பத்து கிராம் படிகாரத்தை அதில் கரையுங்கள். தனியே ஐந்து கிராம் சலவை சோடாவைக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து வையுங்கள். சமையல் சோடா இல்லை, சலவை சோடா.

பாத்திரம் விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு மூன்று லிட்டர் பாத்திரம். படிகாரத்தில் சோடா படும்போது கரியமில வாயு கிளம்பி நுரை தள்ளும். நான் ஒரு முறை ஒன்றேகால் லிட்டர் ஜாடியில், அவசரமாக, சோடா முழுவதையும் ஒரே ஊற்றாக ஊற்றினேன். சிவப்பு நுரை எழுந்து, ஜாடியின் விளிம்பைத் தாண்டி, மேசையில் பரவி, கீழே வைத்திருந்த நோட்டின் மேல் வழிந்தது. அந்த நோட்டின் பதினோராம் பக்கம் இன்றும் இளஞ்சிவப்புதான். எழுத்தைக்கூட வாசிக்க முடியாது, ஆனால் அந்த நிறம் மங்கவே இல்லை.

நீங்கள் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் அடுத்தது. சற்று நேரத்தில் தெளிவாக இருந்த சாயநீர் கலங்கி, மோர் திரிவது மாதிரி மெல்லிய துகள்கள் தெரியும். எல்லாம் ஊற்றி முடிந்ததும் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் சிவப்பு வண்டலும் மேலே கிட்டத்தட்டத் தெளிந்த நீரும் இருந்தால் சரியாக வந்திருக்கிறது. மேல்நீர் இன்னும் அடர்சிவப்பாக இருந்தால் சாயம் முழுக்க இறங்கவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு மூன்று கிராம் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, சோடாவும் அதில் பாதி சேருங்கள். சோடா அதிகமானால் நிறம் ஊதாப் பக்கம் நகரும். இதையே வேண்டுமென்று செய்து சாயல் மாற்றுபவர்களும் உண்டு.

தெளிந்த நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி, கலக்கி, மறுபடி தெளியவிடுங்கள். மூன்று முறையாவது இப்படிச் செய்ய வேண்டும். சோம்பல்பட்டால் உப்புகள் உள்ளேயே தங்கி, பின்னால் ஓவியம் காய்ந்ததும் காகிதத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். பிறகு காபி வடிகட்டும் காகிதத்தில் ஊற்றி, நீர் இறங்கியதும் நிழலில் காயவையுங்கள். ஈரமான வண்டல் ஒரு கிண்ணம் தெரியும். காய்ந்தால் இரண்டு மூன்று கிராம்தான், உடைந்த ஓடு மாதிரி சில்லுகளாக நிற்கும். மனம் தளர வேண்டாம், நீர்வண்ணத்துக்கு அது தாராளம்.

பொடியை வண்ணமாக்குவது

சில்லுகளைக் கல்வத்தில் நன்றாக அரைத்துக்கொள்ளுங்கள். மூக்கை மூடிக்கொண்டு அரைக்க வேண்டும். எந்த வண்ணத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

பிடிப்புக்கு கம் அராபிக் என்று விற்கும் வேலம்பிசின். ஒரு பங்கு பிசின்பொடியை இரண்டு பங்கு வெந்நீரில் போட்டு ஓர் இரவு விட்டால் கரைந்து தேன்பதத்துக்கு வரும். வடிகட்டி, கால் பங்கு தேனும் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெயும் சேருங்கள். தேன் வண்ணத்தை விறைத்து வெடிக்காமல் காக்கும். கிராம்பு பூஞ்சையைத் தடுக்கும்.

ஒரு கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, நடுவில் குழி செய்து, கிட்டத்தட்ட அதே அளவு பிசின்நீரை விட்டு, கத்தி முனையால் குழையுங்கள். பிறகு அடி தட்டையான கண்ணாடி உருளையால் எட்டு வடிவில் அரையுங்கள். முதலில் சரசரவென்று சத்தம் கேட்கும். சத்தம் அடங்கி, உருளை பலகையில் ஒட்டி வழுக்கும்போது வண்ணம் தயார். பதினைந்து இருபது நிமிடம் ஆகும், தோள்பட்டை சொல்லும்.

பாட்டில் மூடியிலோ கிளிஞ்சலிலோ மெல்லிய அடுக்காக ஊற்றி, காய்ந்ததும் அடுத்த அடுக்கு. காய்ந்த வண்ணம் வெடித்தால் தேன் போதவில்லை. நாள் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால் தேன் கூடிவிட்டது. காகிதத்தில் பூசிக் காய்ந்தபின் விரலில் ஒட்டி வந்தால் பிசின் குறைவு.

மஞ்சிட்டி வண்ணம் ஒளி ஊடுருவும் வகை. எதையும் மறைக்காது. மெல்லியதாகப் பூசி, காயவைத்து, அதன் மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கினால்தான் அது பேசும். ஒரே பூச்சில் அடர்சிவப்பு எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நெய்வது

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், செய்துதான் புரியும். கெட்டியான அட்டை, இருபதுக்குப் பதினைந்து சென்டிமீட்டர். மேல் கீழ் ஓரங்களில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் சின்ன வெட்டுகள். பருத்தி நூலை மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டுங்கள், அதுதான் பாவு. குறுக்கே போகும் சாயமிட்ட கம்பளி ஊடை. மழுங்கிய ஊசியில் கோத்து ஒன்று மேலே ஒன்று கீழே.

எல்லோருக்கும் நடக்கும் ஒரே விபத்து: நெய்யும்போது ஊடையை இழுத்து இழுத்து, பட்டை நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆகிவிடும். ஊடையை நேர்கோடாக இழுக்காமல் வில் போல் வளைத்துப் படுக்கவிட்டு, முள்கரண்டியால் கீழே தட்டுங்கள். பாவிழைகளின் மேலும் கீழும் வளைந்து போக அதற்கு அந்தக் கூடுதல் நீளம் வேண்டும்.

ஓவியம் தனி, நூல்வேலை தனி என்று யாராவது சொன்னால் ஓவியர் சோனியா டெலோனேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1911-ல் பிறந்த மகனுக்காகத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். அதில் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த விதம்தான் அவரை அருவ ஓவியத்தின் பக்கம் திருப்பியது. அன்னி ஆல்பர்ஸ் 1922-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தபோது நெசவை விரும்பி எடுக்கவில்லை. வேறு பட்டறைகள் கிடைக்காமல் நெசவுக்கு வந்தவர். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நெசவாளர் ஒருவருக்கு நடந்த முதல் தனிக்கண்காட்சி அவருடையதுதான். ஓவியர்கள் தீட்டும் கேன்வாஸே நெய்த துணிதானே.

ஆக, நெய்த பட்டையை முன்னால் வைத்துக்கொண்டு அதே மஞ்சிட்டி வண்ணத்தால் அதை வரைந்து பாருங்கள். கம்பளியில் ஒளி நார்களுக்குள் சிக்கி நிறம் ஆழமாகத் தெரியும். காகிதத்தில் அதே நிறம் லேசாக, ஈரமாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட அரை மணி நேரம் உட்கார்ந்தால் நிறத்தைப் பற்றிக் கண்ணுக்கு நிறையவே பழகும்.

மிச்சமும் கழிவும்

படிகாரக் கரைசலை ஊற்றிவிடாதீர்கள். நூல் அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்திருக்காது. அடுத்த நூறு கிராமுக்குப் புதிதாகப் பாதி அளவு சேர்த்து அதையே பயன்படுத்தலாம். கடைசியில் நிறைய நீர் சேர்த்து மண்ணில் விடுங்கள், ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வேண்டாம். குளம், ஓடை பக்கம் எதையும் ஊற்றக் கூடாது. சாயம் போன வேர்ப்பொடி மட்கு குழிக்கு.

அன்னபேதியைத் தொடும் தைரியம் வந்ததும், நூலின் எடையில் ஒரு சதவீதம் மட்டும் வெந்நீரில் கரைத்து, சிவப்பு நூலின் ஒரு துண்டைப் பத்து நிமிடம் முக்கிப் பாருங்கள். கத்தரிக்காயின் அடர் ஊதா நிறத்துக்கு இறங்கும். இரண்டு சதவீதத்தைத் தாண்டாதீர்கள், இரும்பு கம்பளியைச் சொரசொரப்பாக்கி நாளடைவில் இற்றுப்போக வைக்கும். அதற்குத் தனிக் கரண்டி, தனிப் பானை. அந்தக் கரண்டியை மறந்து மஞ்சள் சாயத்தில் விட்டால் பாசி நிறம் கிடைக்கும். எனக்குக் கிடைத்திருக்கிறது.

அவுரி நீலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அது நீரில் கரையாத சாயம். ஆக்சிஜனை நீக்கிய காரநீரில் கரைத்து, நூலை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டுக் கண்ணெதிரே பச்சையிலிருந்து நீலமாகும். நிறமூன்றியே தேவையில்லை. ஆனால் தொட்டியை உயிரோடு வைத்திருப்பது தனிப் படிப்பு. மஞ்சிட்டி ஐந்தாறு முறை கைவந்த பிறகு போங்கள்.

நோட்டு

கடைசியாகச் சொன்னாலும் முதல் நாளிலிருந்தே வேண்டியது இது. ஒரு பானைக்கு ஒரு பக்கம். நூலின் எடை, என்ன நூல், படிகாரம் எத்தனை கிராம், வேர் எத்தனை, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எந்தத் தண்ணீர். பக்கத்தில் ஓட்டை போட்டு அந்த நூலில் பத்து சென்டிமீட்டர் கட்டுங்கள். கீழே அதே பானையின் நீர்வண்ணத்தால் ஒரு கட்டம் தீட்டுங்கள். கெட்டுப்போன பானைகளை மறைக்காமல் எழுதுங்கள். நான் அதிகம் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். இந்த முறை வெப்பம், அடுத்த முறை தண்ணீர், அதற்கடுத்து நூல். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று எந்த நோட்டாலும் சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் நல்லது. அந்த நாளில் நூலை ஊறவைப்பது மட்டும் நடந்தாலும் சரி.

மூன்றாம் வாரம் ஜன்னலில் ஒட்டிய அட்டையை எடுத்து மறைப்பைப் பிரியுங்கள். என்ன தெரிந்ததோ அதை அந்தப் பானையின் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, அட்டையையும் அங்கேயே ஒட்டிவிட்டு, அடுத்த ஸ்வெட்டரின் பக்கத் தையலைப் பாருங்கள்.